கமாக்காவும் பத்தொன்பதாவது பத்தியும்

கமாக்கா ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். “இங்க பத்து மணிக்கு வெயில் மூஞ்சில அடிக்கும். யாரை உக்கார வச்சாலும் பதினொண்ணுக்கெல்லாம் கோவம் வந்துடும்” என்கிறார். திரைச்சீலை ஒரு சாண் இழுபடுகிறது. அடுத்தது எட்டாவது நாற்காலி. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, மேசையைச் சுற்றியிருக்கும் இருபத்து நான்கு நாற்காலிகளிலும் அவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். எது ஆடுகிறது, எது அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது, எதன் தலைக்கு மேல் ஏ.சி. காற்று கொட்டுகிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் பொருளாதாரம்தான்.

நான்கு அண்டை நாடுகள் சேர்ந்து ஒரு பத்தாண்டு வளர்ச்சித் திட்டம் எழுதுகின்றன. எழுதுவது அவர்கள், எழுத வைப்பது கமாக்கா. பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். மலை நாட்டில் காய்கறி குவிகிறது, கடல் இல்லை. துறைமுக நாட்டில் கப்பல் நிற்கிறது, ஏற்றச் சரக்கு போதவில்லை. ஆற்று நாட்டில் மின்சாரம் மிஞ்சுகிறது, சாலை கிடையாது. சமவெளி நாட்டில் சாலை இருக்கிறது, பாதி நாள் மின்சாரம் கிடையாது. “சேந்தா நாலு பேரும் நல்லா இருப்பாங்க. ஆனா நாலு ஓரகத்திங்க ஒரே சமையலறையில நிக்கிற கதைதான். கரண்டி எங்க மாட்டணும்னு முடிவு பண்ணவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு” என்பார்.

பட்டப்பெயருக்குக் காரணம் உண்டு. ஒரு முறை மின்கம்பி பற்றிய வாக்கியத்தில் இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டு, பெட்டியைக் கட்டி வாசல்வரை போய்விட்டன. கமாக்கா பென்சிலை எடுத்து ஒரு கமாவை இரண்டு சொல் தள்ளி வைத்தார். இரண்டு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் முதல் இயக்குநர் வரை அவருக்குக் கமாக்கா என்றே பெயர். அவர் பேனா பிடிப்பதில்லை. “பேனால எழுதினா என் கருத்துன்னு நெனச்சுக்குவாங்க. பென்சில்னா எல்லாருக்கும் சொந்தம்.”

ஐம்பத்து நான்கு வயது. வேகநடை, தாழ்ந்த குரல். ‘இல்லை’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் குறைவு. ‘பாக்கலாம்’, ‘அப்படியும் வச்சுக்கலாம்’, ‘அதுலயும் ஒரு நியாயம் இருக்கு’ – இந்த மூன்றும்தான் அவருடைய மூலதனம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் கணவருக்கு இது தீராத தமாஷ். “கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டாக்கூட, ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குங்கறா” என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். கமாக்கா சிரிப்பார். சென்ற ஆண்டிலிருந்து அந்தச் சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வருகிறது.

சென்ற ஆண்டு நடந்தது இது. அவருடைய அண்ணனும் தங்கையும் பெற்றோர் வீட்டின் விஷயத்தில் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அண்ணனுக்கு விற்க வேண்டும். தங்கைக்கு விற்கக் கூடாது. நடுவில் இவர். தங்கையிடம், “அண்ணன் ஒன்னும் பிடிவாதமா இல்லடி” என்பார். அண்ணனிடம், “அவளும் ஒரேயடியா மாட்டேன்னு சொல்லலண்ணே” என்பார். இரண்டு வீட்டிலும் நிம்மதி. அண்ணன் மகள் கல்யாணத்தில் இருவரும் நேருக்கு நேர் நின்றபோது ஐந்து நிமிடத்தில் எல்லாம் உடைந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தது இவரைத்தான். “எங்க ரெண்டு பேருக்கும் நீ நல்லவளா இருந்துட்டே. எங்களுக்கு யாரு உண்மையச் சொன்னா?” என்றாள் தங்கை. அதற்குப் பிறகு தங்கை வீட்டிலிருந்து தொலைபேசி வருவதில்லை.

திட்டத்தில் கையெழுத்தாக வேண்டிய நாள் வந்தது. பகல் மூன்று மணிக்கு நான்கு அமைச்சர்களும் மேடைக்கு வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பதரைக்கு, நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகே நின்றிருந்த கமாக்காவிடம் ஆற்று நாட்டு மொழிபெயர்ப்பாளர் ஒரு தாளை நீட்டினார். நரைத்த மனிதர், தேவையில்லாமல் வாய் திறக்காதவர்.

“மேடம், பத்தொன்பதாவது பத்தி. ‘பதிவானதிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சரக்கு வண்டி எல்லையைக் கடக்க அனுமதிக்கப்படும்.’ பதிவுங்கறதுக்கு எங்க மொழியில ரெண்டு சொல் இருக்கு. வண்டி வாசல்ல வந்து நின்னதப் பதியறதுக்கு ஒண்ணு. காகிதமெல்லாம் சரிபார்த்துப் பதியறதுக்கு இன்னொண்ணு. எதப் போடட்டும்?”

கமாக்கா தாளை வாங்கி அந்த வரியைப் படித்தார். இயந்திரம் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் அவருடையது. நான்கு மாதம் முன்பு மலை நாடு, வண்டி வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து நேரத்தை எண்ண வேண்டும் என்றது. துறைமுக நாடு, ஆவணங்களைச் சரிபார்த்து முடித்த பிறகுதான் எண்ண முடியும் என்றது. இரண்டு நாள் இழுபறி. விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக எல்லோரும் களைத்துப்போன வேளையில் கமாக்கா பென்சிலால் ‘பதிவானதிலிருந்து’ என்று எழுதினார். இரண்டு தரப்பும் தலையாட்டின. கை தட்டினார்கள். எப்படி இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்கள் என்று அன்றே அவருக்கு உறுத்தியது. உறுத்தலை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனார்.

“நீங்க சொன்னா ஏதாவது ஒண்ணப் போட்டுடறேன்” என்றார் மொழிபெயர்ப்பாளர். “இன்னிக்கு யாரும் படிக்க மாட்டாங்க. கையெழுத்து ஆனப்புறம் வேணும்னா சண்டை போட்டுக்கட்டும்.”

கமாக்காவுக்கு, துறைமுக நாட்டின் எல்லையில் இருக்கும் பாலத்தடிச் சோதனைச் சாவடி நினைவுக்கு வந்தது. கோடையில் பார்வையிடப் போனபோது நாற்பது லாரிகள் வெயிலில் நின்றன. ஓர் ஓட்டுநர் தக்காளிக் கூடைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. “வண்டி வந்து மூணு நாளாச்சும்மா. ஆனா அவங்க கணக்குல இது இன்னும் வரவே இல்ல” என்றார். பத்தொன்பதாவது பத்தி அந்த மனிதருக்காக எழுதப்பட்டது. இப்போது இருக்கிற நிலையில் அது அவருக்கு எதையும் செய்யாது. வண்டி வரவே இல்லை என்று இனி நான்கு நாட்டு முத்திரையோடு சொல்லலாம், அவ்வளவுதான்.

“எதையும் போடாதீங்க சார். கொஞ்சம் நிறுத்தி வைங்க” என்றார்.

மலை நாட்டு வணிகச் செயலாளரையும், துறைமுக நாட்டுச் சுங்கத் தலைவியையும் காகிதக் கட்டுகள் அடுக்கிய சின்ன அறைக்கு அழைத்தார். ஜன்னல் இல்லாத அறை. நாற்காலி இரண்டுதான், கமாக்கா நின்றார். சுற்றி வளைக்காமல் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“பத்தொன்பதுல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே வரியப் படிச்சு வேற வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டு இருக்கீங்க. அந்த மாதிரி எழுதினது நான்தான்.”

செயலாளர் உயரமான ஆள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். எழுந்ததில் நாற்காலி பின்னால் சரிந்தது. “நாலு மாசமா எங்கள முட்டாளாக்கிட்டு இருந்தீங்களா? எங்க அமைச்சர் சட்டசபையில சொல்லியாச்சு, பன்னெண்டு மணி நேரத்துல வண்டி போயிடும்னு. இன்னிக்குக் காலையில வந்து இதச் சொல்றீங்க!”

சுங்கத் தலைவி அசையவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே, “எனக்குத் தெரியும்க்கா” என்றார்.

செயலாளர் அவர் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கே தெரியும். எங்களுக்குச் சாதகமா இருந்துச்சு, சும்மா இருந்துட்டேன். இத இப்ப எதுக்குக் கிளப்புறீங்க?”

“பாத்தீங்களா!” என்று செயலாளர் கதவை நோக்கி நடந்தார். கமாக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றார். தடுக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததல்ல. கால்கள் போய் நின்றுவிட்டன. “நீங்க போனா மூணு மணிக்குக் கையெழுத்து கிடையாது சார். நீங்க இருந்தாலும் இருக்குமான்னு தெரியல. ஆனா போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்.” சுங்கத் தலைவியிடம் திரும்பினார். “நேரா சொல்லும்மா. வண்டி வந்த நிமிஷத்துலேருந்து கடிகாரம் ஓடினா உங்களுக்கு என்ன கஷ்டம்?”

மூன்று வருடத்தில் நாற்பது கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டால் ஒரு நாட்டின் மானம் போய்விடும் என்று கமாக்காவே தவிர்த்து வந்த கேள்வி.

“ஆள் இல்லக்கா” என்றார் சுங்கத் தலைவி. குரல் இறங்கிவிட்டது. “பாலத்தடிச் சாவடிக்கு மொத்தம் ஆறு பரிசோதகருங்க. ரெண்டு பேரு நீண்ட விடுப்புல. ஒரே ஒரு சோதனைக்கூடம், அதுவும் பகல்ல மட்டும். கடிகாரம் ஓட ஆரம்பிச்சா மொத வாரமே தோத்துப்போவோம். இத மேசையில எப்படிச் சொல்றது? பெரிய துறைமுகம் வச்சிருக்கோம்னு மார்தட்டிக்கிறோமே.”

செயலாளர் கதவருகே நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். சரிந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினார். உட்காரவில்லை. “இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க நாலு ஆள் அனுப்பியிருப்போமே” என்றார், யாரையும் பார்க்காமல்.

அங்கிருந்து பன்னிரண்டரை வரை அந்த அறையில் பேரம் நடந்தது. இந்த முறை கமாக்கா பூசி மெழுகவில்லை. யாராவது வழவழா கொழகொழா என்று ஆரம்பித்தால், “எத்தனை ஆளு? எந்த நாள்லேருந்து?” என்று குறுக்கே வெட்டினார். முடிவில் வந்தது சின்ன வரி. அழுகும் சரக்குக்கு மட்டும். வண்டி வாசலில் வந்து நின்ற நிமிடத்திலிருந்து. பன்னிரண்டு அல்ல, இருபது மணி நேரம். ஓராண்டுக்குச் சோதனை முறையில், மலை நாட்டின் நான்கு பரிசோதகர்கள் உடனிருந்து உதவ. மற்ற சரக்குகளைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதை இரண்டு அமைச்சர்களும் ஏற்க வேண்டும். சமவெளி நாடும் ஆற்று நாடும் தோளைக் குலுக்கிச் சம்மதித்துவிட்டன. மலை நாட்டு அமைச்சர் முகம் சுண்டக் கேட்டு, சரி என்றார். துறைமுக நாட்டு அமைச்சர் தலைநகரிடம் கேட்க வேண்டும் என்று சுங்கத் தலைவியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணி இரண்டு. இரண்டரை. மேடையில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இயக்குநர் தாழ்வாரத்தில் கமாக்காவை மடக்கினார்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! வாய மூடிட்டு இருந்திருந்தா இந்நேரம் போட்டோ எடுத்து முடிச்சிருப்போம். நாளைக்குப் பேப்பர்ல என்ன போடுவான்?”

வழக்கமாக இந்த இடத்தில் ‘அதுலயும் ஒரு நியாயம் இருக்கு’ வரும். கமாக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். “தப்பு என்னுது சார். அத மூடி வைக்கறது சரியில்ல” என்றார். காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை.

மூன்றே காலுக்குக் கதவு திறந்தது. சுங்கத் தலைவி வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை. “சம்மதம். ஆனா ஆறு பேருங்கற எண்ணிக்கை எந்தத் தாள்லயும் வரக் கூடாது” என்றார். வராது என்றார் கமாக்கா. ஐம்பது நிமிடம் தாமதமாக நான்கு கையெழுத்துகளும் விழுந்தன. கைதட்டலில் பாதி, ஒருவழியாக முடிந்ததே என்ற கைதட்டல்.

கூட்டம் கலையும்போது மலை நாட்டுச் செயலாளர் அவரிடம் வந்தார். “வரி நல்ல வரி. ஆனா மேடம், அடுத்த கூட்டத்துக்கு வேற ஒருங்கிணைப்பாளர் வேணும்னு எழுதப் போறேன். உங்கள நான் இனிமே நம்பறது கஷ்டம்.”

“எழுதுங்க சார்” என்றார் கமாக்கா.

அவர் லிப்ட்டுக்குள் போகும்வரை நின்றிருந்துவிட்டு, காலியான கூட்ட அறைக்கு வந்தார். கையெழுத்தான பிரதியில் பத்தொன்பதாவது பத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, பாலத்தடிச் சாவடியின் எண்ணைச் சுழற்றினார். பணியில் இருந்த அதிகாரி எடுத்தார். பின்னால் லாரிகளின் இரைச்சல். கமாக்கா வரியைச் சத்தமாகப் படித்தார்.

“புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுது மேடம்.”

“அப்படிச் சொன்னா போதாதுப்பா. என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க.”

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு அந்த மனிதர் தன் சொந்த வார்த்தைகளில் மெதுவாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்: “தக்காளி, பால் மாதிரி சரக்கு... வண்டி கேட்டுல வந்து நின்ன நிமிஷமே நான் மணியக் குறிச்சுக்கணும்...” கமாக்கா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல, வரியின் ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார்.