விபூதி எடுத்த விரல்கள்

என் வீட்டுக்காரருக்கு முனியாண்டி வருவார். மலாக்காவில் சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும். திருவிழாவில் உருமி அடிக்க ஆரம்பித்ததும் அவருடைய கால் பெருவிரல்தான் முதலில் துடிக்கும். பிறகு முழங்கால், இடுப்பு, தோள் என்று மேலே ஏறும். கடைசியில் இரண்டு கைகளும் இறுக மூடிக்கொள்ளும். அந்த முஷ்டியை யாராலும் பிரிக்க முடியாது. பூசாரி காதில் சொன்ன பிறகுதான் வலது கை மெல்லத் திறக்கும். அந்தக் கையால் தட்டிலிருந்து விபூதி எடுத்து, வரிசையில் நிற்பவர்கள் நெற்றியில் கட்டை விரலால் அழுத்திப் பூசுவார். வீடு போய்ச் சேரும்வரை அந்த அழுத்தம் நெற்றியிலேயே இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு குருபோங்கில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் வேலை விட்டு வரும்போது மோட்டர் சைக்கிள் சறுக்கி, தலை ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் இழுபட விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை. ரத்தமும் அதிகம் இல்லை. ஆனால் வலது கை தோளிலிருந்து விரல் நுனிவரை செத்துத் தொங்கியது. கிள்ளினால் தெரியாது. சும்மா இருக்கும்போது மட்டும் கொதிக்கிற எண்ணெயில் முக்கிய மாதிரி எரியும். எரிச்சல் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

மற்ற நேரம் சிரிப்புக் காட்டுவார். என் பழைய சேலையைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, தொரை மாதிரி ஆயிட்டேன். கைய அசைக்காமலே சோறு வருது!" என்பார். நான் ஊட்டிவிடுவேன். இடது கையால் சாப்பிட அவருக்கு மனசு வரவில்லை.

லயத்து வீடுகளில் இருந்து வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்.

"டாக்டருக்கு என்னக்கா தெரியும்? திருவிழா வரட்டும்லா. உருமி அடிச்சா கை தானா எழும்பும். முனியாண்டி தன் கைய விட்டுக்குடுப்பாரா?"

நானும் அதைத்தான் நம்பினேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. முனியாண்டி சொல்வது எனக்கு முழுசாகப் புரியும். தினமும் விளக்கேற்றும்போது, "அது உன் கையப்பா, நீ வந்து எடுத்துக்க" என்று வேண்டிக்கொள்வேன்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, மின்சாரம் வைத்துப் பார்த்துவிட்டு, எங்களைக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது தமிழ் டாக்டரம்மா. வயது குறைவு. பொறுமையாகப் பேசினார்.

"ஐயா, கழுத்துல இருந்துதான் கைக்கு நரம்பு வருது. அது நடுவுல அறுந்திருந்தா தைக்க வழி இருக்கு. வேரோட பிடுங்கிட்டு வந்திருந்தா தைக்க எடமே இல்ல. அதப் பாக்கத்தான் இந்த மெஷின். காந்தத்துல வேல செய்யுது. நம்ம உடம்புல இருக்கிற தண்ணி எப்பவும் அலைஞ்சுக்கிட்டே இருக்கும். மத்த எடத்துல நாலாப் பக்கமும் அலையும். நரம்புக்குள்ள மட்டும் நரம்பு போற வாக்குலதான் அதிகமா ஓடும். அந்த ஓட்டத்த வச்சு நரம்பப் படமாக்கலாம்னு இப்பத்தான் புதுசா செஞ்சு பாக்கறோம். சரியா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

என் வீட்டுக்காரர் கேட்டார். "மரத்துல வெட்டுன கோட்டு வழியா பால் ஓடி மங்குல விழற மாதிரிங்களா?"

"அப்படியே வச்சுக்குங்க. கோடு அறுந்தா பால் ஓடாதுல்ல?"

"அப்ப மங்கு காலி," என்று சொல்லிச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

உடம்பில் இரும்பு, நகை எதுவும் இருக்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். அவர் பயப்படாமல் இருக்க நானும் உள்ளே கால்மாட்டில் உட்காரலாம் என்றார்கள். அதனால் கோயிலில் வைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, தாலியைக் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். வழி முழுக்கக் கழுத்தில் கனம் இல்லாதது மனசை என்னவோ செய்தது. முந்தானையில் விபூதிப் பொட்டலம் ஒன்றை முடிந்து வைத்திருந்தேன்.

வெள்ளைக் குழாய் மாதிரி ஒரு மெஷின். அவரைப் பலகையில் படுக்க வைத்து, காதை அடைத்து, தோள்வரை உள்ளே தள்ளினார்கள். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரத் தம்பி, "ஜாங்கான் கெராக், என்சிக்," என்றார். அசையக் கூடாது ஐயா என்று அர்த்தம். அசைந்தால் படம் கலங்கிவிடும்.

முதலில் டிக் டிக் என்று சத்தம் வந்தது. அவர் கட்டை மாதிரிக் கிடந்தார். கொஞ்ச நேரம் கழித்து, நரம்பைப் பார்க்கிற படம் இதுதான் என்று தம்பி கண்ணாடிக்கு அப்பால் இருந்து மைக்கில் சொன்னார். அப்போது வந்த சத்தம் வேறு. தடதடவென்று ஒரே சீராக, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அடிக்கிற சத்தம். பலகையே அதிர்ந்தது. காதை அடைத்திருந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது உருமிச் சத்தம். எங்கள் கோயில் வாசலில் கேட்கிற அதே அடி.

அவருடைய கால் பெருவிரல் துடித்தது.

"என்னங்க, வேணாங்க, அசையாதீங்க" என்று காலைப் பிடித்தேன். அதற்குள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. இடுப்பு தூக்கிப் போட்டது. குழாய்க்குள் இருந்து அவருடைய உறுமல் கேட்டது. தம்பி மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "என்சிக்! என்சிக்! ஓக்கே தக்?" பலகை வெளியே வந்தது. தம்பிக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. வலிப்பு என்று நினைத்து டாக்டரைக் கூப்பிடப் போனார்.

வலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். வரக் கூடாத இடத்தில், மாலை இல்லாமல், சாம்பிராணி இல்லாமல், முனியாண்டி வந்திருந்தார். என் மனசு ஒரு நிமிஷம் பொங்கியது. திருவிழாவரைக்கும் காத்திருக்க வேண்டாம், இதோ வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் கைகளைப் பார்த்தேன்.

இடது கை இறுக மூடியிருந்தது. நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

வலது கை திறந்தே கிடந்தது. தோள் குலுங்கும்போது அதுவும் கூடவே ஆடியது. அவ்வளவுதான். விரல்கள் ஒன்றுகூட மடங்கவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அவர் பக்கத்தில் கிடந்தது.

சாமி அவர் உடம்பெல்லாம் வந்தார். அந்தக் கைக்குப் போகச் சாமிக்கும் வழி இல்லை.

முந்தானையை அவிழ்த்து விபூதி எடுத்து அவர் நெற்றியில் வைத்து, "மலையேறுங்க சாமி, இது ஆஸ்பத்திரி, மலையேறுங்க" என்றேன். மெல்ல அவர் உடம்பு அடங்கியது.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். சாமி வந்தபோது நடந்தது எதுவும் அவருக்கு நினைவில் இருக்காது. குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வந்தாராடி?"

"வந்தாருங்க."

"வலது கை மூடுச்சா?"

அவரும் அதையேதான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"இல்லங்க."

தலையை ஆட்டினார். மிச்சத் தண்ணீரை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி, தூக்க மருந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கம் கழுத்திலிருந்து மங்கலாகக் கோடுகள் இறங்கின. வலது பக்கம் அந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

"ஊசி வச்சுப் பாத்ததும் இதத்தான் சொல்லுது. வேரோட வந்திருச்சு ஐயா. விலா எலும்புப் பக்கத்து நரம்ப எடுத்துக் கையில வச்சா முழங்கைய கொஞ்சம் மடக்க முடியலாம்."

"விபூதி எடுக்கற வெரல் வருமாம்மா?"

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "வெரல் வராது ஐயா."

அந்த வருஷத் திருவிழாவுக்குப் போனோம். உருமிக்காரர்கள் தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அவருக்கு வழி விட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதல் அடி விழுவதற்குள் அவர் என் முழங்கையைத் தொட்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். சத்தம் எங்கள் பின்னாலேயே வந்தது. அவர் வேகமாக நடந்தார்.

வீட்டில் விளக்கேற்றினேன். விபூதித் தட்டை அவர் மடியில் வைத்தேன். அந்த வலது கையை நானே தூக்கி, கட்டை விரலை விபூதியில் தோய்த்து, குனிந்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். விரலில் சூடு இருந்தது. அழுத்தம் இல்லை. என் கையால்தான் அழுத்திக்கொண்டேன்.