நான் கட்டிய யாழ்ப்பாண வீடு

யாழ்ப்பாணத்தை நான் அதுவரை கண்ணால் கண்டதே கிடையாது. பிறந்து வளர்ந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனை. அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை தேடி இறங்கி வந்தவர்கள். ஆனாலும் யுத்தம் நடந்த அந்த வருடங்களில், ஒரு சிங்கள டெலி நாடகத்துக்கு யாழ்ப்பாண வீடொன்றை செட் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழன் என்றால் யாழ்ப்பாணம் தெரிந்திருக்கும் என்பது கலை இயக்குநரின் எண்ணம். நானும் தெரியாது என்று சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருடமாக அவரிடம் பெயின்ட் அடித்தேன், பலகை அறுத்தேன். நாடக முடிவில் வரும் டைட்டில்களைக் கறுப்பு அட்டையில் வெள்ளைப் பெயின்டால் எழுதியதும் நான்தான். அத்தனை பேருடைய பெயரை எழுதிய கை, என் பெயரை ஒருமுறைகூட எழுதியதில்லை. எங்கள் வேலைக்கு நியமனக் கடிதம் எல்லாம் கிடையாது. கூப்பிட்டால் போக வேண்டும், செட்டை உடைத்த அன்றோடு வேலை சரி. டைட்டிலில் பெயர் வந்தவனைத்தான் அடுத்த கலை இயக்குநர் உதவியாளராகக் கூப்பிடுவார். வராதவன் தலை நரைத்தாலும் பெயின்ட் வாளி தூக்க வேண்டியதுதான். இந்த வீடு நன்றாக வந்தால் கலை உதவி என்று உன் பெயரைப் போடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

நான் வரைந்த முதல் படத்தில் தூண், கோலம், வாழைமரம், ஆளுயரக் குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. இந்தியப் படம் பார்த்த புண்ணியம். அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜுக்குப் போனேன். முன்பு அங்கே பெயர்ப்பலகை எழுதப் போனபோது ஒரு டீச்சர் பழக்கமாகியிருந்தார். வடக்கிலிருந்து வந்தவர். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போக விசாவுக்காகக் காத்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“இது கலியாண வீடோ தம்பி? இப்ப அங்க ஆர் இப்பிடி இருக்கினம்?”

பிறகு எப்படித்தான் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அன்று தொடங்கிய கேள்வி மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓடியது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே அபூர்வம் என்றார். வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய் விட்டு, நடுவில் திரி நிறுத்தி எரிப்பார்களாம். ரேடியோ கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ஓட வைப்பார்களாம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. யார் சுற்றுவது? எவ்வளவு வேகமாக? செய்தி நடுவில் கை வலித்தால் என்ன செய்வது?

லொட்ஜைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர்கூடத் தன்னை இவ்வளவு கேட்கவில்லை என்றார் டீச்சர். ஆனாலும் ஒரு ஜாம் போத்தல் எடுத்து, எனக்கு விளக்குச் செய்து கையில் தந்தார். நாடகம் வரும்போது வந்து சொல்லச் சொன்னார். தன் வீட்டை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். என்ன ஆகும் என்று தெரியாமல், பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரத்மலானையில் ஒரு பழைய களஞ்சியத்துக்குள் வீட்டைக் கட்டினோம். நிறம் மங்கிய சுவர், தலைகீழ் சைக்கிள், மேசையில் டீச்சர் தந்த விளக்கு. நான் கட்டியவற்றிலேயே எனக்குப் பிடித்த வீடு அதுதான். கலை இயக்குநர் வந்து சுற்றிப் பார்த்தார். இது தமிழர் வீடு என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும், பெரிய குத்துவிளக்கு எங்கே என்று கேட்டார். டீச்சர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மத்தியானம் நாடகத்தின் டைரக்டர் வருகிறார் என்றார்.

“அவருக்கு வீடு பிடிச்சாத்தான் டைட்டில். விளக்கு முக்கியமா, பேர் முக்கியமா, நீயே பார்த்துக்கொள் மல்லி.”

மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து குத்துவிளக்குக் கொண்டுவந்தேன். சைக்கிளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தேன். வாசலில் கோலமும் போட்டேன், யாரும் கேட்காமலே. ஜாம் போத்தல் என் பைக்குள் போனது. டைரக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சில மாதம் கழித்து நாடகம் வந்தது. டீச்சருக்கு இன்னும் விசா வரவில்லை. அன்று மாலை லொட்ஜ் ஹோலில் டிவிக்கு முன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாடகம் வருவதை அவரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்தான், ஆனால் என் பெயரை யாருக்காவது காட்ட வேண்டும் என்ற ஆசை விடவில்லை. வீடு வந்ததும் அவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். ஐந்து முகமும் எரிய நின்றது குத்துவிளக்கு. மெல்லப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

டைட்டில் ஓடத் தொடங்கியது. டீச்சருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

“எது தம்பி உம்மட பேர்?”

விரலை நீட்டிக் காட்டினேன். ஐந்து வருடம் காத்திருந்த பெயர், மூன்று நான்கு விநாடி நின்றது.

“எழுத்து வடிவா இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமே இன்னொரு கலை இயக்குநர் என்னை உதவியாளராகக் கூப்பிட்டார். போனேன்.