ஆட்சேபணை இல்லை

நான் வேலை பார்க்கும் ஆம்ஸ்டர்டாம் அலுவலகத்தில் காபி இயந்திரத்தை மாற்றக்கூட ஒரு படிவம் உண்டு. ஒரு வாரம் அது எல்லாருடைய பார்வைக்கும் இருக்கும். யாரும் ஒன்றும் எழுதாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கம்பெனியின் கணினிகளில், கணினிப் பிரிவுகளில் எதை மாற்றினாலும் இதே முறைதான். அதற்கான செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நடத்துவதுதான் என் உத்தியோகம். "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டு, மூன்று விநாடி காத்திருந்து, "இல்லை" என்று குறித்துக்கொள்வேன். இதற்கும் ஒரு சம்பளமா என்று ஊரில் சிரிப்பார்கள்.

ஊர் என்றால் சித்தூர் பக்கத்துக் குடிபாலா. தாராளமயம் வந்து திருப்பதியில் லாட்ஜுகள் பெருகிய காலத்தில், நானும் எங்கள் ஊர் முனிரத்தினமும் அங்கே ஒரு லாட்ஜுக்கு முதல் கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தோம். முதலாளி ஊழியர்களைக் கூட்டி, அறைப் பதிவு நோட்டை இனி எடுத்துவிடலாமா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் சற்று நின்றார். இரண்டும் இருக்கட்டும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதமே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, நோட்டுதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. மேலே இருப்பவரிடம் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லமாட்டோம். பேசாமல் இருப்போம், கேட்டவர் புரிந்துகொள்வார்.

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். எங்கள் கம்பெனி திருப்பதியில் ஒரு சிறிய கணினிப் பிரிவைத் தொடங்கியபோது முனிரத்தினத்தை நான்தான் சேர்த்துவிட்டேன். போன வருடம் அதை மூடிவிட்டு வேலையை வேறு நாட்டுக்கு அனுப்பும் திட்டம் என் கூட்டத்துக்கு வந்தது. மேசை நடுவில் ஸ்பீக்கர் போன், மறுமுனையில் முனிரத்தினமும் அவனுடைய ஆட்கள் ஆறு பேரும். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பதில் இல்லை, அங்கே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "அவர்களுக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார் என் மேலாளர் அன்னெகே என்ற பெண்மணி. அந்த மௌனம் என்னவென்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். "ஆமாம்" என்றேன். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் பயம்.

மறுநாள் முனிரத்தினம் போன் செய்தான்.

"ஏம்பா, நாங்க பேசாமதான இருந்தோம். உனுக்குமா தெரியல?"

"வாயத் தொறந்து வேணான்னு சொல்லியிருக்கலாமே?"

"நீ அந்தாண்ட பெரிய சீட்ல குந்திக்கினு கேக்கற. அத்தினி பேர் முன்னாடி நான் எதிர்த்துப் பேசுனா உன் மரியாதி இன்னா ஆவறது?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை என் வேலையையும் அதே நாட்டுக்கு அனுப்பும் திட்டம் வந்தது. கூட்டத்தை அன்னெகேயே நடத்தினார். என்னைப் பார்த்து, "ஆட்சேபணை உண்டா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். மூன்று விநாடி கழித்து அவர் குறித்துக்கொண்டார். ஸ்பீக்கர் போன் மேசை நடுவிலேயே இருந்தது. திருப்பதி லைனைத் துண்டித்து எட்டு மாதம் ஆகிறது.