கடைவாய்ப் பல்லும் கைப் பலமும்

பல் பிடுங்கப் பலசாலிதான் வேண்டும் என்று நம்புகிறவர்களின் வாயில்தான் நான் தினமும் கை விடுகிறேன்.

ஊர் நாகர்கோவில். எல்லை தாண்டி, மலையாளம் புழங்கும் பழவங்காடியில் ஒரு பல் கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை. ஒல்லி உடம்பு. உங்கள் தொழிலிலும் யாராவது உங்கள் கையைப் பார்த்துவிட்டு “வேற ஆள் இல்லையா?” என்று கேட்டிருந்தால், வாருங்கள், சேர்ந்தே வயிறெரிவோம்.

மேஸ்திரி மணிக்கட்டைப் பார்த்தார்

கன்னம் வீங்கி வந்தார் ஒரு கட்டட மேஸ்திரி, திருநெல்வேலிக்காரர். என் மணிக்கட்டைப் பார்த்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பொறுமையாக விளக்கினேன். பல்லை யாரும் இழுப்பதில்லை. எலிவேட்டர் என்கிற சின்னக் கம்பியைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே வைத்து நெம்புகிறோம். எலும்பின் விளிம்புதான் முட்டுக்கொடுக்கிற இடம். நான் லேசாகத் திருப்பினால் போதும், வேரில் அது பெரிய விசையாக விழும். நீங்கள் கடப்பாரையால் கல்லைப் புரட்டுவதும் இதே கணக்குத்தான் என்றேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

“அது செரிதான் டாக்டரம்மா. ஆனா கடப்பாரையையும் ஆம்பளதான பிடிக்கான்?”

வலிக்காததும் குற்றம்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையனுக்கு ஞானப்பல். வலியே தெரியாமல் எடுத்துக் கொடுத்தேன். நெம்புகோல் வேலையைக் குறைப்பதில்லை. விசையைக் குறைத்துத் தூரத்தைக் கூட்டுகிறது. என் கை அதிகம் நகர்ந்தது, வேர் மயிரிழை மயிரிழையாக எழுந்தது. அந்தப் பக்குவம் கைக்கு வர எனக்கு வருஷங்கள் ஆயின. அவன் முகத்திலோ ஏமாற்றம்.

“இத்ர ஈஸியா இருந்தா வீட்ல நானே ட்ரை பண்ணியிருப்பேனே, டாக்டர்.”

முதலாளியின் தீர்ப்பு

பிறகு அஜித் வந்து சேர்ந்தான். ஆறடி, ஜிம்முக்குப் போன தோள். முதலாளி டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, பல் எடுப்பதை இனி அவன் செய்வான் என்றார். நான் ஆசைப்பட்டுக் கற்ற வேலை அது ஒன்றுதான். அதுவும் போனால் ஆயுசுக்கும் பற்காரை சுரண்ட வேண்டியதுதான். என்மேல் ஏதாவது புகாரா என்று கேட்டேன்.

“கம்ப்ளெய்ன்ட் ஒண்ணும் இல்ல ரமா. அவன் கையைக் கண்டா ஆளுகளுக்கு ஒரு தைரியம். நீ க்ளீனிங் நோக்கினா மதி, அது போதும்.”

சாலைக் கடைக்காரர்

சாலைக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்பவர், கீழ்க்கடைவாய்ப் பல்லோடு வந்தார். அஜித் எடுத்த எடுப்பில் குறடு போட்டான். அழுத்தினான், ஆட்டினான், சட்டை நனைந்தது. பல் இம்மியும் அசையவில்லை. கடைசியில் அவனே வந்து, “சேச்சி, ஒண்ணு வந்து நோக்குமோ?” என்றான். அந்த மட்டில் நல்ல பையன்.

வேர் இரண்டும் வளைந்திருந்தன. தனித்தனியாகப் பிரித்து, எலிவேட்டரை வைத்துத் திருப்பினேன். பல் வந்தது. வாசலில் முதலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை எனக்குத் திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். கடைக்காரர் பஞ்சைக் கடித்தபடி எழுந்து, அஜித்தின் கையைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்:

“இந்தத் தம்பி நல்லா ஆட்டி வச்சாரு. இல்லாட்டி அந்தப் பிள்ளையால முடிஞ்சிருக்குமா?”

எவ்வளவு தள்ளினாலும் பொருள் நகரவில்லையென்றால் செய்த வேலை பூஜ்யம் என்கிறது இயற்பியல். அந்தப் பூஜ்யத்துக்கு எங்கள் கிளினிக்கில் ஏசி அறை ஒதுக்கியிருக்கிறார்கள், அடுத்த அறையில் நான் காரை சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.