கை ஊன்றாமல் எழுவது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். கோர்வையாக எழுத வராது, நடுநடுவே மறந்தும் போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்க வந்த மராட்டி ஊரில், விமான் நகரில் ஒரு பெரிய ஆபீஸில் நானும் என் ஓரகத்தியும் சேலைக்கு மேல் கம்பெனிக் கோட்டு போட்டுக்கொண்டு தரை துடைத்தோம். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். அறுபதுகூட ஆகவில்லை, அதற்குள் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை மட்டும் இல்லை. புருஷன் படுத்த படுக்கை என்பதால் அவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

பக்கத்துக் கட்டிடத்தில் துடைக்கிறவள் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மறுநாளே காண்ட்ராக்டரின் ஆள் வந்தான். எங்கள் சேலத்துப் பக்கத்தவன்தான். எங்களைக் கார் நிறுத்தும் இடத்தில் வரிசையாக நிற்க வைத்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ வேண்டும். எழுகிறவளுக்குத்தான் வேலை.

ஓரகத்தி என் காதருகில் வந்தாள். "ஏண்டி, நீ சட்டுனு எழுந்துருவ. பின்னாடி உன் கோட்டு ஓரத்தப் புடிச்சிகிட்டு நானும் எழுந்துக்கறேன். அவனுக்குத் தெரியாது."

சரி என்று தலையாட்டினேன்.

எங்களுக்கு முன்னால் ஒருத்தி கை ஊன்றிவிட்டாள்.

"மௌசி, கெளம்பு. ஊருக்குப் போயி எரும மேய்," என்றான் அவன். மௌசி என்றால் சித்தி; துடைக்கிறவர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வரிசையிலேயே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். நான் பாதி எழுந்தபோது கோட்டு பின்னால் இழுத்தது. அவளோடு சேர்ந்து நானும் கீழே போய்விடுவேன் என்று தோன்றியது. அவன் எங்கள் பக்கம் திரும்பினான். நான் கோட்டை வெடுக்கென்று உருவிக்கொண்டேன். அவள் பக்கவாட்டில் சாய்ந்து இரண்டு கையையும் ஊன்றினாள்.

"மூட்டுதான்யா மக்கர் பண்ணுது. வேலையில ஒரு கொற சொல்லு பாப்போம்."

"நடிக்காத மௌசி. நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்துறேன்?"

அந்த வாரமே ஆபீஸ் அதிகாரி ஒருவர் முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்று மாத லீவுக்குப் பின் வந்தார். அவருக்கும் அவள் வயதுதான், அவருக்கும் சர்க்கரைதான். குனிய வேண்டாம் என்று உயரமான நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். கைதட்டினார்கள், பூ தூவினார்கள். அந்தப் பூவை நான்தான் பெருக்கி அள்ளினேன்.

வேலை போனதும் அவளுக்கு மாத்திரை நின்றது. காலில் புண் வந்து, முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அதன்பின் ஒரு மழைக்காலம்தான் இருந்தாள். அன்றைக்கு எழும்போது கால் வழுக்கிவிட்டது என்றே கடைசிவரை எல்லோரிடமும் சொன்னாள். நானும் அப்படியே சொன்னேன்.

எடுத்தது இடது காலா வலது காலா, எந்த வருஷம் என்பது எனக்குக் குழம்புகிறது. அவள் மகள் இதே ஊரில் வாகட் பக்கம் இருக்கிறாள். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்து எழுதுங்கள். நான் போனால், "வா சித்தி" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துச் சோறு போடுவாள்.