சும்மா இருக்கும் விரதம்

என் மாமா கடைசிவரை வேலையை இழக்கவில்லை. லண்டனில் வாழ்ந்த ஆறு ஆண்டுகளும் ஒரே பெட்ரோல் ஷெட், ஒரே கவுண்டர், ஒரே சிவப்புச் சட்டை. ஈரல் கெட்டு அவர் செத்துப்போன அன்றைக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட் போட்டிருந்தார்கள். இந்தச் சாதனையில் எனக்கும் பங்குண்டு என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டு எனக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டும் என்பதற்காக, பத்து வருட ஜெர்மன் வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் கிங்ஸ்பரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த மூட்டைகளில் ஒன்றாக அம்மாவின் தம்பியும் வந்து சேர்ந்தார். மேல் மாடியில், கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் ஓர் அறை அவருடையது.

மாமா குடிப்பார். இதை எங்கள் வீட்டில் யாரும் இப்படிப் பட்டென்று சொன்னதில்லை. "தம்பிக்கு இண்டைக்குக் கொஞ்சம் ஏலாது" என்பார் அம்மா. அவரை எழுப்புவதும், சட்டையை அயர்ன் பண்ணுவதும், சோறு கட்டிக் கொடுப்பதும், கட்டிலடியில் வாந்தியைக் கழுவுவதும், கழுவியதை அப்பாவுக்கு மறைப்பதும் அம்மாவின் அன்றாடம். எழும்பவே முடியாத நாட்களில் ஷெட்டுக்கு அறிவிக்க வேண்டும். அம்மாவின் ஆங்கிலத்தில் பாதி ஜெர்மன். ஆகவே அது என் வேலையானது. ஆங்கிலம் படிக்கவென்று கூட்டிவந்த பிள்ளையால் உடனடிப் பயன்.

நான் இன்றைக்கு எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்றால், என் முதல் வாசகர் அந்த ஷெட் மனேஜர்தான். காய்ச்சல், பல்வலி, தண்ணீர்க் குழாய் வெடிப்பு என்று தொடங்கி, இல்லாத ஒரு சித்தப்பாவை மூன்று முறை சாகடித்தேன். மூன்று முறையும் அந்த மனிதர் அனுதாபம் தெரிவித்தார். அதற்குப் பிறகு அவ்வளவு நல்ல வாசகர் எனக்கு அமையவில்லை.

சனிக்கிழமைகளில் எனக்குத் தமிழ்ப் பள்ளி. பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் நேரத்தில், காத்திருக்கும் அம்மாக்களைப் பக்கத்து வகுப்பறையில் கூட்டிவைத்து ஒருவர் பாடம் நடத்தினார். சுவிஸிலிருந்து வந்தவர். ஆன்மிக உளவியல் என்று ஏதோ படித்தவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். எங்கள் ஆட்களுக்கு உளவியல் என்றால் பைத்தியம், ஆன்மிகம் என்றால் அவலும் கடலையும். இரண்டையும் சேர்த்துச் சொன்னதால் ஒருவரும் பயப்படவில்லை.

ஒரு சனிக்கிழமை என் வகுப்பு முன்னதாக முடிந்து நான் அம்மாவின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றபோது, டீச்சர் கரும்பலகையில் இரண்டு வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாற்போல வரைந்திருந்தார்.

"குடிக்கிறது உங்கட தம்பியின்ர வருத்தம்," என்றார் அம்மாவிடம். "அவரைத் தூக்கித் திரியிறது உங்கட வருத்தம். நான் உங்கட வருத்தத்துக்குத்தான் மருந்து சொல்லப்போறன்."

"ஓம் டீச்சர்," என்றார் அம்மா. "அப்ப அவனுக்கு என்ன மருந்து?"

மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

மருந்து இதுதான். இருபத்தொரு நாள். விடியற்காலை பத்து நிமிடம் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, நெஞ்சில் கை வைத்து, 'எனக்கு என்ன வேணும்?' என்று தன்னைத்தானே கேட்க வேண்டும். வந்த பதிலைக் கொப்பியில் எழுத வேண்டும். தம்பி தானாகச் செய்யக்கூடிய எதையும் அவருக்காகச் செய்யக் கூடாது. எழுப்பக் கூடாது, அயர்ன் பண்ணக் கூடாது, ஷெட்டுக்குச் சாட்டுச் சொல்லக் கூடாது.

"அப்ப சும்மா இருக்கிறதோ?"

"சும்மாதான் இருக்க வேணும்."

"அவன்ர வேலை போயிட்டா?"

"போகட்டும். இவ்வளவு காலமும் அவர் விழேக்க கீழ நீங்கள்தானே கிடந்தனீங்கள்? நிலம் எங்க இருக்கெண்டே அந்தாளுக்குத் தெரியாது. ஒருக்காத் தெரியட்டும்."

அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "இந்த இருபத்தொரு நாளும் மச்சம் சாப்பிடலாமோ?"

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. இருபத்தொரு நாள் என்று காதில் விழுந்ததும் அம்மாவுக்கு அது விரதமாகிவிட்டது. எங்கள் விரதங்களில் ஒருவர் பட்டினி கிடப்பார், பலன் இன்னொருவருக்குப் போகும். தம்பியை இறக்கி வைப்பதற்கான சிகிச்சையை அம்மா தம்பிக்காகவே ஏற்றுக்கொண்டார். மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வரவில்லை. டீச்சர் சொல்லாமலே இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல் ஏறியது. "தம்பி போத்திலோட இருக்கிறான், அக்கா பச்சைத் தண்ணியோட இருக்கிறா," என்று அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு இரண்டாவது வேலைக்குப் போனார்.

கொப்பியை நான் களவாக வாசிப்பேன். தமிழ்ப் பள்ளியின் பயன் அது. முதல் நாள்: 'தம்பி குடியை விட வேணும்.' இரண்டாம் நாள்: 'தம்பி நேரத்துக்குச் சாப்பிட வேணும்.' மூன்றாம் நாள்: 'தம்பிக்கு ஒரு கலியாணம் சரிவர வேணும்.' டீச்சர் சிவப்பு மையில் கீழே எழுதியிருந்தார்: 'இது தம்பிக்கு. உங்களுக்கு?'

ஆனாலும் சும்மா இருப்பதை அம்மா செய்தார். பார்க்கச் சகிக்காது. மாடியில் இருமல் கேட்டால் கை தானாகத் தேநீர்க் கேத்திலுக்குப் போகும், பிறகு இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். மாமா கசங்கிய சட்டையோடு போனார். ஒன்பதாம் நாள் தானே அயர்ன் பண்ணிக் கொலரைக் கருக்கினார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் வெட்டினார். இப்படியே போக, பன்னிரண்டாம் நாள் கொப்பியில் ஒரு புது வரி வந்தது: 'சுடுதண்ணிக்குள்ள காலை வைச்சுக்கொண்டு இருக்க வேணும்.' பதினைந்தாம் நாள்: 'பகலில ஒரு மணித்தியாலம் படுக்க வேணும்.' டீச்சர் அதற்குப் பெரிதாக ஒரு 'சரி' போட்டிருந்தார். சோதனையில் பாஸ் பண்ணியவர்போல அதை அம்மா என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அன்று கோப்பை கழுவும்போது வாய்க்குள் ஏதோ பாடினார். அவருக்குப் பாட வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பதினெட்டாம் நாள் எனக்குப் பள்ளி விடுமுறை. மாமாவுக்கு இரண்டு மணி ஷிப்ட். அறிவிக்காமல் இன்னொரு நாள் வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று மனேஜர் சொல்லியிருந்தார். மதியம் ஆகியும் மாடியிலிருந்து குறட்டை கேட்டது. அம்மா செற்றியில் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, மாமாவை எழுப்பட்டோ?"

"வேண்டாம்."

"போன் பண்ணட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு ஒருநாள் சும்மா இருந்து பாப்பம்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இருபது பென்ஸை எடுத்துக்கொண்டு, பால் வாங்கி வருகிறேன் என்றேன். வீட்டில் பால் இருந்தது. தெருமுனை தொலைபேசிக் கூண்டுக்குள் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, மாமா இறால் சாப்பிட்டு நஞ்சேறிப் படுத்திருக்கிறார் என்றேன். இறால் உறைபெட்டியில் எத்தனை நாள் இருந்தது என்பதுவரை சொன்னேன். நீ நல்ல பிள்ளை என்றார் மனேஜர். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். பால் வாங்க மறந்துவிட்டேன். அம்மா கேட்கவில்லை.

மூன்று மணிக்கு மாமா படியிறங்கி வந்தார்.

"அக்கா, ஷெட்டுக்குச் சொல்லிப்போட்டியளே?"

அம்மா எழுந்து நின்றார். "இல்லை. நான் சொல்லேல்லை. இனிச் சொல்லவும் மாட்டன்."

மாமா கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முழுதாக விழித்திருந்து நான் பார்த்தது அன்றுதான். "வேலை போயிடுமக்கா," என்றார் சின்னக் குரலில். "நான் இப்ப என்ன செய்யிறது?" அம்மாவின் கை அவர் தலையை நோக்கிப் போனது, பாதியில் நின்றது, திரும்பி வந்தது.

"எனக்குத் தெரியாது தம்பி. நீதான் கதைக்க வேணும்."

மாமா தானே எண்ணை அமுக்கினார். தன் பெயரைச் சொன்னார். தொண்டையைச் செருமி, உண்மையையோ பொய்யையோ ஏதோ ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார். மறுபக்கத்துக் குரல் முந்திக்கொண்டது. கேட்கக் கேட்க அவர் முகம் இளகி, பழையபடி ஆனது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இறாலோ? உது நல்லாயிருக்கு!" பிறகு அம்மாவிடம்: "இதுக்கேனக்கா என்னை இப்பிடி வெருட்டினனீங்கள்? நீங்கள் சொல்லாட்டி என்ன, எனக்கு என்ர மருமோள் இருக்கிறாள்."

என் தலையைத் தடவிவிட்டு மறுபடி படுக்கப் போனார்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மஞ்சள் நூல் கன்னத்தில் உரசியது. வெகுநேரம் பார்த்தார். நன்றி சொல்ல வார்த்தை தேடுகிறார் என்று நினைத்து, பரவாயில்லை அம்மா என்றேன். பிறகு அவர் குசினிக்குள் போய் மாமாவுக்குச் சோறு வைத்தார்.

அடுத்த நாள் என்னைப் பற்றி ஏதாவது எழுதியிருப்பார் என்ற ஆவலில் கொப்பியைத் திறந்தேன். எழுதியிருந்தார். பத்தொன்பதாம் நாள், எனக்கு என்ன வேணும்: 'பிள்ளை என்னைப் போல வரக் கூடாது.'

அதன் கீழே டீச்சரின் சிவப்பு மை இல்லை. அம்மா அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. பிறகு போகவேயில்லை. நான் அந்த வரியைப் பலமுறை வாசித்து, அவருடைய ஆங்கிலத்தைத்தான் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். பாவம், ஒரு போன்கூட ஒழுங்காகப் பேச வராது. நான் அப்படி வரப்போவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மாமாவால் எழும்ப முடியவில்லை. இந்த முறை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகுப் பிடிப்பு என்றேன். மிக நன்றாகச் சொன்னேன்.