நாற்பத்தாறாம் அடைப்பில் ஆர்டிஸ் வோண்ட்ரா

ஆர்டிஸ் வோண்ட்ரா பிறந்தது 1947 ஏப்ரல் 9. நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில், பிளாட் ஆற்றுக்கு வடக்கே, அப்பாவுக்கு ஒரு சோளப் பண்ணை இருந்தது. ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். இறைச்சிக்காகக் காளைகளை அடைத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் எங்கள் பட்டியில் அவர் வேலைக்குச் சேர்ந்தது 1969 அக்டோபர் 6, திங்கட்கிழமை. அலுவலகத்தில் டைப் அடிக்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தோம். வந்தவர், குதிரை வேலை காலியாக இருக்கிறதா என்று கேட்டார்.

அப்போதிருந்த மேஸ்திரி சிரித்துவிட்டார். "உனக்கு டைப் அடிக்கத் தெரியாதாம்மா?"

"நல்லாத் தெரியும். அதனாலதான் குதிரை கேக்கறேன்."

கொடுத்தார்கள். முதல் ஆண்டு எட்டு அடைப்புகள். 1975 முதல் பதினெட்டு அடைப்புகள். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது முதல் நூற்று எண்பது வரை காளைகள். காலையில் ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் குதிரையில் நுழைந்து, அத்தனை மாட்டையும் ஒன்றுவிடாமல் பார்த்து, உடம்பு சரியில்லாததைக் கூட்டத்திலிருந்து பிரித்து, எங்கள் ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு ஓட்டி வர வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் மாடு தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. குதிரையும் ஆளும் வருவதைக் கண்டதும் தலையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றுமே இல்லாததுபோல் நடந்துபோகும். ஆர்டிஸ் அடைப்பின் நடுவில் குதிரையை நிறுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். மாடுகள் அவரை மறந்த பிறகுதான் பார்க்கத் தொடங்குவார்.

அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். பதினெட்டு ஆண்டுகளில் அவர் லீவு போட்டது பதினொரு நாள். அதில் நான்கு நாள் அப்பாவின் அடக்கத்துக்கு.

1987 செப்டம்பரில் வெண்டல் ஆஸ்ட்ராண்டர் மேலாளராக வந்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். வந்த மாதமே ஒரு விதி போட்டார். மாட்டின் இயல்பான சூடே நூற்றொன்றரை டிகிரி. ஆஸ்பத்திரிக்கு வரும் மாட்டின் சூடு நூற்று நான்கு டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது சரியான பிரிப்பு. குறைந்தால் தவறான பிரிப்பு. மாட்டை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டியது. வெள்ளிதோறும் அவரவர் கணக்கைச் சுவரில் ஒட்டுவார்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் தவறு இருந்தால் குதிரையிலிருந்து இறங்கித் தீனி லாரி ஓட்டப் போக வேண்டும்.

சூட்டைப் பார்ப்பவர் லியோபோல்டோ அர்ரெகின். எல்லாருக்கும் போல்டோ. அவருடைய இரண்டாவது மகளின் திருமுழுக்கில் ஆர்டிஸ்தான் ஞானத்தாய். அந்த உறவில் அவர் ஆர்டிஸை 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார். அவர் சொல்லும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

1988 ஜனவரி 11, திங்கட்கிழமை, நாற்பத்தாறாம் அடைப்பிலிருந்து மூன்று காளைகள் வந்தன.

"கொமாத்ரே, நூத்தி ஒண்ணு புள்ளி எட்டு," என்றார் போல்டோ. "என் மாமியாருக்கே இதைவிட ஜாஸ்தி சூடு."

"அதோட வயித்தைப் பாத்தியா? ஒட்டிப் போய்க் கெடக்கு."

"பாத்தேன். ஆனா வந்ததும் வராததுமா நேரா நம்ம தண்ணித் தொட்டிக்குப் போச்சு. தலையே தூக்காம குடிச்சுது. நோவு கண்ட மாடு இப்படியா குடிக்கும்?"

இதை நானும் பார்த்தேன். நோயுள்ள மாடு தண்ணீரைத் தேடாது, இது குடிக்கிறது, ஆகவே நோயில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றையும் திருப்பி அனுப்பினோம். செவ்வாய்க்கிழமை நான்கு வந்தன. அவற்றுக்கும் காய்ச்சல் இல்லை. அவையும் நன்றாகக் குடித்தன, திரும்பிப் போயின.

புதன்கிழமை மதியம் வெண்டல் ஆர்டிஸை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"ஆர்டிஸ், நாப்பத்தாறுலேர்ந்து ஏழு மாடு கொண்டு வந்தீங்க. ஏழும் சும்மா."

"சும்மா இல்ல. என்னன்னு எனக்குத் தெரியல. அது வேற."

"என்னன்னு தெரியாம எப்படிப் பிரிக்கறீங்க?"

"உங்க பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடாம மூலையில உக்காந்திருந்தா, தெர்மாமீட்டரைப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு போயிடுவீங்களா?"

"என் பொண்ணை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"சரி, இழுக்கல. நீங்களும் என் மாட்டை விட்டுருங்க."

வெண்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒரு மாடு. ஒரே ஒரு மாடு அந்த அடைப்புலேர்ந்து காய்ச்சல் இல்லாம வந்தா, நீங்க குதிரையை விட்டு எறங்கறீங்க. லாரிச் சாவி அதோ ஆணியில தொங்குது."

ஆர்டிஸ் ஆணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அப்போது வயது நாற்பது. குதிரையை எடுத்துவிட்டால் அங்கே அவருக்கு என்று எதுவும் இல்லை. எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். வெண்டலுக்கும் தெரியும்.

மறுநாள் வியாழன், ஜனவரி 14. காலை எட்டு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்து ஆர்டிஸ் மாடுகளை உள்ளே விட்டார். பிற்பாடு இருபது என்று சொல்லிக்கொண்டார்கள். இருபது அல்ல, பதினான்கு. அத்தனையும் நாற்பத்தாறாம் அடைப்பு.

போல்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு மாடு கொண்டு வராதேன்னு சொன்னாரு கொமாத்ரே. நீ பதினாலா?"

"ஒண்ணு கொண்டு வந்தா பயந்துக்கிட்டே கொண்டு வந்த மாதிரி இருக்கும்."

"லாரிக்குப் போயிடுவே."

"போறேன். அதுவரைக்கும் என் கண்ணுக்குப் படறதை நான் கொண்டு வருவேன். சூடு பாரு."

பதினான்கில் ஒன்றுகூட நூற்று மூன்றைத் தொடவில்லை. ஆர்டிஸ் எண்களைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மறுபடி நாற்பத்தாறுக்கே போய்விட்டார்.

வெண்டல் ஒன்பதே காலுக்குத் தன் வண்டியில் வந்தார். குதிரையைப் பிடித்துக்கொள்ளப் போல்டோவை ஏற்றிக்கொண்டார். ஆர்டிஸ் இறங்கும் நேரத்தைக் குறிக்க என்னையும் பதிவேட்டோடு ஏறச் சொன்னார். நாற்பத்தாறின் வாசலில் வண்டியை நிறுத்தி, "எறங்குங்க ஆர்டிஸ்," என்றார்.

இறங்கினார். ஒன்பது இருபத்திரண்டு. போல்டோ கடிவாளத்துக்குக் கை நீட்டினார். ஆர்டிஸ் கொடுக்கவில்லை.

"தண்ணி காட்டிட்டுத் தரேன்."

எங்கள் பட்டியில் இதை மீற முடியாது. வேலை செய்த குதிரையைத் தண்ணீர் காட்டாமல் அடுத்தவர் கையில் யாரும் கொடுப்பதில்லை, கொடுத்தால் வாங்குவதில்லை. வெண்டலுக்கே அது தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம்," என்றார்.

அந்தக் குதிரை சாம்பல் நிறம். எப்போதும் தலையைத் தொங்கவிட்டு யோசனையிலேயே நிற்பதால் அதற்குப் 'பாதிரி' என்று பெயர். லாயத்துத் தொட்டியில்தான் வழக்கமாகக் குடிக்கும். அன்றைக்கு ஆர்டிஸ் அதைப் பக்கத்திலேயே இருந்த நாற்பத்தாறாம் அடைப்பின் தொட்டிக்கு நடத்திப்போனார். தொட்டியைச் சுற்றிச் சிமெண்ட் தளம் நனைந்து கிடந்தது. பாதிரி கழுத்தை நீட்டி உதட்டை வைத்தது. உடனே மூக்கை உதறிக்கொண்டு பின்வாங்கியது. ஆர்டிஸ் தட்டிக்கொடுத்து மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் பின்வாங்கியது.

"பாதிரியார் குடிக்க மாட்டேங்கறாரு," என்றார் போல்டோ. "தவக்காலம் இன்னும் வரலையே."

ஆர்டிஸ் தொட்டியின் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கறுப்புக் காளை தொட்டிக்கு முன்னால் நின்று, வாயை முக்காமல், நாக்கு நுனியால் பூனைபோலத் தண்ணீரை நக்கியது. நாலு தடவை நக்கியது. பிறகு வேலியோரம் போய்ப் பனியைத் தின்னத் தொடங்கியது.

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றித் தண்ணீரில் கைவிட்டார். ஒன்றும் இல்லை. தன் காலைக் குனிந்து பார்த்தார். குளிர்காலத்தில் நாங்கள் எல்லாரும் பூட்ஸுக்கு மேல் ரப்பர் உறை போட்டுக்கொள்வோம். பிறகு குதிரையின் காலைப் பார்த்தார். அதன் நான்கு குளம்பிலும் இரும்பு லாடம். அப்படியே மண்டியிட்டு, இடது உள்ளங்கையை ஈரச் சிமெண்டில் ஊன்றி, வலது கையைத் தண்ணீரில் விட்டார். தோள் வெட்டி இழுத்தது. வீட்டில் பேசி வளர்ந்த செக் மொழியில் அவர் அப்போது திட்டிய வார்த்தையை நான் எழுதவில்லை.

"வெண்டல், இங்க வாங்க. கையுறையைக் கழட்டுங்க. மண்டி போடுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு நாளா நீங்க சொன்னதை நான் கேட்டேன். ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க."

வெண்டல் மண்டியிட்டார். அவர் கையை இழுத்த வேகத்தில் தொப்பி தொட்டிக்குள் விழுந்தது.

தண்ணீர் உறையாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் மின்சாரச் சூடேற்றி வைத்திருந்தோம். நவம்பரில் எங்கள் ஆட்களே பொருத்தியது. அதன் எர்த் கம்பியை யாரும் இணைக்காததால், கசிந்த மின்சாரம் தண்ணீரில் ஏறியிருந்தது. கடுங்குளிர் இறங்கி அதை முதன்முதலில் போட்டது ஜனவரி 8, வெள்ளி மாலை. அன்றிலிருந்து அந்த அடைப்பிலிருந்த நூற்று எழுபத்திரண்டு மாடுகளும் தொட்டிக்கு வந்து, மின்சார அடி வாங்கி, தாகத்தோடு திரும்பியிருக்கின்றன. தண்ணீர் இல்லாததால் தீனியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரித் தொட்டியில் அந்தக் காளைகள் தலை தூக்காமல் குடித்ததற்குக் காரணம் ஆரோக்கியம் அல்ல. நாங்களோ ரப்பர் காலோடு அந்தத் தொட்டியை நாளுக்கு நான்கு முறை கடந்து போனோம்.

போல்டோ ஓடிப்போய்க் கம்பத்தில் இருந்த சுவிட்சை அணைத்தார். முதல் காளை நம்பி வாய் வைக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகு மொத்தக் கூட்டமும் வந்தது. அறுபத்தொன்று வரை எண்ணினேன். தள்ளுமுள்ளில் அப்புறம் எண்ண முடியவில்லை.

வெண்டல் நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "கம்பி தப்பு. ஒத்துக்கறேன். ஆனா அந்த இருபத்தோரு மாட்டுக்கும் காய்ச்சல் இல்ல. விதி விதிதான்."

ஆர்டிஸ் பாதிரியை மறுபடி தொட்டிக்கு நடத்தினார். பாதிரி இரண்டு நிமிடம் குடித்தது. குடித்து முடித்ததும் கடிவாளத்தைப் போல்டோவிடம் கொடுக்காமல் சேணத்தில் ஏறி நாற்பத்தேழுக்குப் போய்விட்டார். ஏறிய நேரத்தைக் குறிக்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒன்பது நாற்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை பட்டியல் சுவரில் ஏறியது. ஆர்டிஸ் வோண்ட்ரா, முப்பதில் இருபத்திரண்டு தவறு. நாற்பத்தாறின் இருபத்தொன்று, வேறோர் அடைப்பின் ஒன்று. எங்கள் பட்டியில் அதற்கு முன்பும் பின்பும் அத்தனை மோசமான கணக்கு யாருக்கும் வந்ததில்லை. மின்கசிவைப் பற்றிக் கீழே ஒரு குறிப்பு எழுதட்டுமா என்று ஆர்டிஸிடம் கேட்டேன்.

"எழுதாதீங்க. அப்படியே இருக்கட்டும். அந்த இருபத்திரண்டுல ஒண்ணுக்காகவும் நான் வெக்கப்படல."

அன்று காலை ஏழு மணிக்கு வெண்டல் உள்ளே வந்தபோது ஆர்டிஸ் அந்தப் பட்டியலுக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"குதிரைக்குச் சேணம் போடப் போறேன். தடுக்கறதுன்னா இங்கயே, இத்தனை பேரு முன்னாடி சொல்லிடுங்க."

அறையில் ஒன்பது பேர் இருந்தோம். காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். வெண்டல் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"இன்னொண்ணு," என்றார் ஆர்டிஸ். "இனிமே நான் பிரிச்ச மாட்டைத் திருப்பி அனுப்பணும்னா, மொதல்ல எங்கூடக் குதிரையில வாங்க. அரை மணி நேரம் அந்த அடைப்புல நில்லுங்க. அப்புறம் அனுப்புங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"அப்ப அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டு வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. லாரிச் சாவியை மதியத்துக்குள் வேறொருவர் எடுத்துக்கொண்டு போனார்.

விதியை வெண்டல் நீக்கவில்லை. 1991இல் வேலையை விட்டுப் போகும்வரை வெள்ளிதோறும் பட்டியல் ஒட்டப்பட்டது. ஆனால் 1988 பிப்ரவரி 3, புதன்கிழமை காலை, கடன் வாங்கிய சேணத்தோடு ஒரு கிழட்டுப் பெண்குதிரையில் ஏறி, முப்பத்தொன்றாம் அடைப்பில் ஆர்டிஸுக்குப் பக்கத்தில் முப்பத்தைந்து நிமிடம் குளிரில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, அங்கிருந்து ஆர்டிஸ் பிரித்திருந்த மாடு ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அந்த ஆண்டில் மொத்தம் ஆறு முறை அப்படிப் போனார். ஆறில் இரண்டு முறை, பார்த்த பிறகும் மாட்டைத் திருப்பி அனுப்பினார். அந்த இரண்டு மாடுகளையும் மறுநாள் காலையே ஆர்டிஸ் மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தார்.